பொருள்: மகன் வாராக் கடன் ஆனது தொடர்பாக

அனுப்புநர்: சாத்தூர்ப் பக்கத்து மளிகைக் கடைக்காரன், தங்கள் ஃபைலில் 'கூட்டுக் கடனாளி'.
பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள், பொதுத்துறை வங்கி ஒன்று. (பெயரைச் சொன்னால் சிபில் மதிப்பெண் இன்னும் இறங்கிவிடுமோ என்று பயம்.)
பார்வை: தங்கள் வக்கீல் நோட்டீஸ்.

மதிப்பிற்குரிய ஐயா,

நோட்டீஸ் பதிவுத் தபாலில் கிடைத்தது. 2014இல் கல்விக் கடன் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட்ட பிறகு தங்கள் கிளை எங்களுக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான். அந்தச் சந்தோஷத்தில் தபால்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அதில் என் மகனை 'வேண்டுமென்றே கடனைக் கட்டாதவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு சின்னத் திருத்தம். ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தப் பட்டம் 25 லட்சமும் அதற்கு மேலும் பாக்கி வைத்தவர்களுக்கு உரியது. நாங்கள் வாங்கியது 4 லட்சம். தகுதிக்கு மீறிய மரியாதை எங்களுக்கு வேண்டாம்.

கடைக்காரன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு வருடம் கல்லூரிக்கு அனுப்பினீர்கள். 12 சதவீதம், தனி வட்டி. படிக்கிற காலத்திலும் படித்து முடித்த பின் ஓராண்டும் தவணை கிடையாது. தவணைக்குத்தான் லீவு, வட்டிக்கு இல்லை. முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி 60,000, அடுத்ததற்கு 48,000, பிறகு 36,000, 24,000. ஆக 1,68,000. அதை அசலோடு சேர்த்து 5,68,000 ஆக்கி 15 வருடத்துக்குப் பிரித்தால் மாதம் சுமார் 6,800 ரூபாய். சென்னையில் என் பொறியாளருக்குக் கிடைத்த முதல் சம்பளம் 15,000. ரூம் வாடகை, மெஸ், பஸ் போக மிச்சமிருந்ததை அப்படியே தங்களிடம் கட்டினான்.

அந்த 1,68,000 எங்கள் தலையில் ஏறியிருக்கவே வேண்டியதில்லை என்று பிற்பாடு தெரிந்தது. குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் அந்தத் தவணை இல்லாத காலத்து வட்டி முழுவதையும் மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் 2009 முதல் இருக்கிறது. என் வருமானம் தாசில்தார் முத்திரையோடு தங்கள் ஃபைலிலேயே இருக்கிறது. கேட்டதற்கு, பெயர் ஏற்ற விட்டுப்போச்சு, போர்டலை மூடிவிட்டார்கள் என்றார் தங்கள் கிளார்க். கொடுக்கத் தயாராக இருந்த அரசாங்கத்திடம் வாங்கத் தங்களுக்கு நேரமில்லை. கையில் இல்லாதவனிடம் வாங்க வக்கீல் இருக்கிறார். இந்த வியாபார நுணுக்கம் மளிகைக்காரனுக்குப் பிடிபடவில்லை.

நானும் கடன் கொடுக்கிறவன்தான் ஐயா. தீப்பெட்டி ஆபீசுக்கும் பட்டாசு ஆலைக்கும் போகிறவர்கள் சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி என் கடையில் பற்று வைக்கிறார்கள். அடைமழை என்றால் பட்டாசு வேலை கிடையாது. அந்த வாரம் நான் நோட்டைக் கையில் எடுப்பதில்லை. "அரிசி மட்டும் எடுத்துக்கோ, எண்ணெய் அப்புறம் பார்ப்போம்" என்பேன். மூன்று வாரம் ஆளைக் காணவில்லை என்றால் வீட்டுக்கே போவேன். உடம்புக்கு என்ன என்பதுதான் முதல் கேள்வி, பாக்கி இரண்டாவது. என் நோட்டிலும் வராத கடன் உண்டு. பேச்சுவார்த்தை இல்லாமல் கெட்ட கடன் ஒன்றுகூட இல்லை.

2020இல் மகனின் கம்பெனி ஆட்குறைப்புச் செய்தது. கொரோனாவுக்காக ரிசர்வ் வங்கி கொடுத்த தவணை ஒத்திவைப்பு ஆகஸ்ட்டோடு முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. தங்கள் கிளைக்கு வந்து, தவணையைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்க வழி உண்டா என்று கேட்டான். "அதெல்லாம் கிடையாது தம்பி" என்று பதில் கிடைத்தது. தவணை தவறி 90 நாள் தாண்டியதும் அவன் வாராக் கடன் ஆனான். கூடவே என் சிபிலும் விழுந்தது. ஆனால் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டம், 2015 திருத்தத்தில், வேலை இல்லாத காலத்துக்கும் வருமானம் குறைந்த காலத்துக்கும் இரண்டு மூன்று முறை தவணையை நிறுத்திவைக்கலாம் என்கிறது. முதலில் சிறிய தொகை, சம்பளம் ஏற ஏறப் பெரிய தொகை என்று தவணை போடவும் இடம் தருகிறது. இது தங்கள் கிளைச் சுவரில் எங்கும் இல்லை. அங்கே நகைக் கடன் போஸ்டர்தான் இருக்கிறது.

பிறகு தங்கள் வசூல் ஏஜென்ட். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கடன்காரரை போனில் அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இல் சொல்லிவிட்டது. கடை திறக்கும் ஆறு மணிக்கே அவருக்கு என் ஞாபகம் வந்துவிடுகிறது. ஸ்பீக்கரில் போடாமலே பால் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற குரல். கல்விக் கடன் பாக்கிக்காக மாணவர்களின் படத்தை ஃபிளெக்ஸ் அடித்து வைத்த வங்கிக் கிளையும் நம் மாநிலத்தில் இருந்திருக்கிறது. தங்களுக்கும் அப்படி உத்தேசம் இருந்தால் கல்லூரியில் சேர்ந்தபோது எடுத்த படத்தைப் போடவும். இப்போது பையன் இளைத்துவிட்டான்.

வங்கிகள் ஐந்து நிதியாண்டுகளில் 10 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கணக்கிலிருந்து நீக்கியிருக்கின்றன என்று 2022 டிசம்பரில் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் சொன்னார். நீக்கியது தள்ளுபடி அல்ல, வசூல் தொடரும் என்ற விளக்கமும் வந்தது. எவ்வளவு நாகரிகமான வசூல்! அதில் ஏதாவது ஒரு முதலாளியின் மளிகைக் கடைக்கு ஏஜென்ட் காலை ஆறு மணிக்கு போன் செய்திருக்கிறாரா?

நான் தள்ளுபடி கேட்கவில்லை. தேர்தல் மேடையில் தள்ளுபடி என்று சொன்னதை நம்பித் தவணையை நிறுத்தியவர்களை எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அவர்கள் காத்திருந்தார்கள், வட்டி காத்திருக்கவில்லை. லோக் அதாலத்துக்கு வந்து மொத்தமாகக் கட்டி முடிக்கச் சொல்கிறீர்கள். மொத்தமாக இருந்தால் நோட்டீஸே வந்திருக்காது. குறைத்து முடித்தாலும் 'செட்டில்டு' என்ற முத்திரை சிபிலில் நிற்கும்.

மகனுக்கு இப்போது கோவையில் 22,000 சம்பளத்தில் வேலை. இனி மாதம் 7,000 கட்டுகிறோம். அதில் 2,000 என் கடையிலிருந்து வரும். அவன் சம்பளம் ஏறினால் தவணையும் ஏறட்டும். முதல் நாளிலிருந்து முழுக் கணக்கு விவரமும், திருத்திய தவணைக்கு எழுத்தில் ஒப்புதலும் தாருங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதுவேன். அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் கிடையாதாம்; அந்தத் தைரியம்தான்.

இப்படிக்கு,
கூட்டுக் கடனாளி