நா.வ. சார்

பாடி மேம்பாலத்தைத் தாண்டி மேற்கே வந்துவிட்டால், நீங்கள் எந்த நகரில் வீடு பார்த்தாலும் அந்த நகருக்கு ஒரு நா.வ. சார் உண்டு. கொரட்டூரில் உண்டு, அம்பத்தூரில் தெருவுக்கு ஒருவர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி வரைக்கும் ரயில் பாதையை ஒட்டியே வரிசையாக இருக்கிறார்கள். தெற்கே திரும்பி திருவேற்காடு வழியாகப் பூந்தமல்லி போனால் அங்கேயும் ஒருவர் கேட்டில் சாய்ந்து நிற்பார். ஓனர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனதும் முதலில் வந்து பேசுகிறவர் அவர்தான். முதல் வரியும் மாறாது: "நாங்க வந்தப்போ இங்க ஒண்ணுமே இல்ல சார்."

அந்த "நாங்க வந்தப்போ"வைச் சுருக்கி எங்கள் தெருப் பையன்கள் வைத்த பெயர்தான் நா.வ.

ஊரில் எல்லாரும் தன்னிடம் இருப்பதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். நா.வ. சாரின் சொத்துப் பட்டியல் முழுக்க இல்லாதவை. ரோடு கிடையாது. கரண்ட் கிடையாது. கடை கிடையாது, தீப்பெட்டி வேண்டுமென்றாலும் ஸ்டேஷனுக்குத்தான் போக வேண்டும். கடைசி வண்டியில் வந்து இறங்கினால் டார்ச் லைட் இல்லாமல் வீடு போய்ச் சேர முடியாது. நரி ஊளையிடும். "எந்த ஆட்டோவும் வராது சார். 'அந்தப் பக்கமா? ஆள விடு'ம்பான்" என்று சொல்லும்போது, ஆட்டோக்காரர் வர மறுத்ததையே அவர் ஒரு விருதாக வைத்துக்கொண்டிருப்பது தெரியும்.

பாம்பு இல்லாமல் இந்தக் கதை நகராது. அவர் வீட்டுக் கொல்லையில் வந்த நல்ல பாம்பு, நான் குடிவந்த புதிதில் நாலடி இருந்தது. கொரோனா சமயத்தில் ஆறடி ஆனது. போன பொங்கலுக்கு உறவுக்காரர்கள் முன்னிலையில் அது படம் எடுத்தபோது ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. "அது தண்ணிப் பாம்புங்க" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி குரல் கொடுத்தார். யார் காதிலும் விழவில்லை. கிரவுண்டு விலை இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. பதினாறாயிரம் என்று ஆரம்பித்தது பன்னிரண்டாகி, இப்போது எட்டாயிரத்தில் நிற்கிறது. இன்னும் கொஞ்ச காலத்தில் மனையை அவர் இலவசமாகவே வாங்கியிருப்பார். வாங்கிய அன்றே பாம்பு அவரை விழுங்கியும் இருக்கும்.

ஊருக்கு ஊர் இதில் உட்பிரிவு உண்டு. அம்பத்தூர் நா.வ. என்றால் டன்லப், டி.ஐ. சைக்கிள் இரண்டில் ஒன்று, இல்லாவிட்டால் எஸ்டேட்டில் லேத் பட்டறை. 1949இல் டி.ஐ. சைக்கிள் வந்தது, பத்து வருஷத்தில் டன்லப் வந்தது, அறுபதுகளில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது என்று அவர் அடுக்கும்போது மூன்றுக்கும் பால் காய்ச்சியவர் அவர்தானோ என்று தோன்றும். இந்த வகையை அடையாளம் காண வீட்டு கேட்டைப் பார்த்தால் போதும். மற்ற ஊரில் கேட் என்பது மாடு உள்ளே வராமல் இருப்பதற்கு. இங்கே அது தொழில் மானம். இரண்டு அங்குல ஆங்கிள், கனத்த தகடு, தாழ்ப்பாள் மட்டும் தனியாக லேத்தில் கடைந்து எடுத்தது. ஒற்றை விரலால் தள்ளினால் சத்தமே இல்லாமல் போய் 'டக்'கென்று உட்காரும். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கீலுக்கெல்லாம் கிரீஸ் வைத்து, சந்தனப் பொட்டு வைத்து, அதன் முன்னால் பூசணிக்காய் உடைப்பார். கேட்டைத் தாங்கிய காம்பவுண்டுச் சுவர் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கேட் அசையவில்லை.

ஆவடி நா.வ.வுக்கு டாங்க் ஃபேக்டரி. முதல் விஜயந்தா டாங்க் ஆவடியிலிருந்து 1965இல் வெளியே வந்தபோது இவர் அரை டிராயர் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர். ஆனால் சொல்லும்போது "நாம பண்ணினது" என்பார். 1971 யுத்தம் பற்றிப் பேச்சு வந்தால், நம் படை முன்னேறியதற்கு ஆவடியில் யாரோ ஒருவர் போல்ட்டை ஒழுங்காக முறுக்கியதே காரணம் என்ற முடிவுக்கு நீங்கள் வந்தே தீர வேண்டும். 1955இல் காங்கிரஸ் மாநாடு கூடி சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டதும் இதே ஆவடியில்தான். "அன்னிக்குச் சொன்ன சமுதாயமும் வரல, பாதாள சாக்கடையும் வரல" என்பது இவருடைய அரசியல் விமர்சனம். 1856இல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா பக்கம் போனது இந்தப் பாதையில்தான். அதை அவர் சொல்லிக் கேட்டால், அன்றைக்கு லெவல் கிராசிங்கில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் அவரும் ஒருவர் என்று கற்பூரம் அடிக்கலாம்.

இந்த இரண்டு பேரையும் ஒரே வாக்கியத்தில் மடக்கக்கூடியவர் பூந்தமல்லி நா.வ. ஃபேக்டரி எல்லாம் அவருக்கு நேற்றைய சமாச்சாரம். அவர் அந்த ஊரில் பிறந்த வைணவ ஆசாரியர் திருக்கச்சி நம்பியிலிருந்து ஆரம்பிப்பார். 1639இல் வெள்ளைக்காரன் கடற்கரையில் இடம் கேட்டு அலைந்தபோது பேச்சுவார்த்தையில் இருந்த அய்யப்ப நாயக்கர் இருந்தது பூந்தமல்லியில்தானே? "அப்போ மெட்ராஸே நம்ம போட்டுக் கொடுத்த பட்டாதான சார்?" இதற்கு மேல் அம்பத்தூர் என்ன பேசும்? "எங்க ஏரியாவுல போர் தண்ணி நல்லாருக்கும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போகும்.

ஒரே தெருவில் இரண்டு நா.வ. அமைந்துவிட்டால் இன்னும் விசேஷம். காலை வாக்கிங்கில் சீனியாரிட்டி தகராறு வரும். ஆதாரம், ஈபி கார்டு.

"என் சர்வீஸ் நம்பர் பதினேழு. தெரியும்ல?"

"என்னுது பதினொண்ணு சார்."

பதினேழாம் நம்பர் கொஞ்சமும் கலங்கவில்லை. "நான் அதுக்கு முன்னாடியே வந்துட்டேன். ஒரு வருஷம் அரிக்கேன் வெளிச்சத்துல இருந்தேன்."

யாருக்கு அதிகம் இல்லாமல் இருந்ததோ அவருக்குத்தான் வெற்றி. ஜனவரி 26ஆம் தேதி நலச்சங்கத்தில் கொடியேற்றும் உரிமையும் அவருக்கே. கொடியேறி, வரலாறு முடிந்து, மிட்டாய் கைக்கு வருவதற்குள் குழந்தைகளுக்கு வெயிலில் மயக்கம் வந்துவிடும்.

நா.வ. சாரிடம் வழி மட்டும் கேட்டுவிடக் கூடாது. இருப்பதை வைத்து வழி சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டுப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு வந்த பையன் ஒருநாள் மாட்டினான்.

"நேரா போ தம்பி. டன்லப் கேட் வரும்."

"மேப்ல காட்டலயே சார்."

"எப்படிக் காட்டும்? அதை மூடி எவ்ளோ வருஷமாச்சு. அதைத் தாண்டினா ஒரு பெரிய புளிய மரம்."

"மரம் இருக்குங்களா?"

"வெட்டிட்டான். அங்க லெஃப்ட் எடுத்தா வாய்க்கா பாலம். பாலமும் இப்ப இல்ல. ஆனா அந்த எடத்துல வண்டி லேசா ஏறி இறங்கும் பாரு, அதுக்கு எதிர் வீடு."

உள்ளேயிருந்து, "ஏங்க, சோறு ஆறிடப் போகுது, அந்தப் புள்ளய விடுங்க" என்று குரல் வந்ததும் பையன் தப்பித்தான். அவன் வண்டி ஏறி இறங்கிய இடத்தில் நிறுத்தினான், எதிர் வீட்டு மணியை அடித்தான், அதுதான் சரியான வீடு. இதுதான் நா.வ. சாரிடம் எரிச்சலான விஷயம். மேப்பில் இல்லாதது அவரிடம் இருக்கிறது.

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் பாரிமுனைக்குக் கிளம்பினால் "மெட்ராசுக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றுதான் சொல்வார். சொத்து வரி ரசீது வந்தால், "நாம என்ன மெட்ராஸா? நமக்கு எதுக்கு மெட்ராஸ் வரி?" என்று கொதிப்பார். பேத்திக்கு வரன் பார்க்க வந்தவர்களிடம் மட்டும், "சென்னைதாங்க, பின்கோடு ஐம்பத்து மூணு" என்றார். ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆகிவிட்டதால் அங்கே இந்தக் குழப்பம் இல்லை. எங்களுக்குத் தனி மேயர் என்று ஒரு முறைப்பு மட்டும் கூடியிருக்கிறது.

ஐப்பசி, கார்த்திகைதான் நா.வ. சாரின் சீசன். தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட் தூணுக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். தூணில் பெயிண்டால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஒன்று 2015, டிசம்பர் வெள்ளம். இன்னொன்று 2023, மிக்ஜாம் புயல். இந்த வருஷத்துத் தண்ணீர் எந்தக் கோட்டுக்கு வந்திருக்கிறது என்று குனிந்து பார்த்துவிட்டு, அது எட்டாமல் போனதில் லேசான ஏமாற்றத்தோடு நிமிர்வார்.

"ஏரிக்குள்ள வீடு கட்டிட்டானுங்க சார். தண்ணி எங்க போகும்?"

சொல்லிக்கொண்டே கையை நீட்டுவார். அந்தக் கை எப்போதும் அடுத்த தெருவிலிருந்துதான் ஆரம்பிக்கும். அவர் கணக்கில், ஆக்கிரமிப்பு என்பது அவர் கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் காலையில் தொடங்கியது. அடுத்த தெருக்காரரைக் கேட்டால் அவர் கையும் நீளும், அதற்கடுத்த தெருவை நோக்கி.

ஒருமுறை பேங்க் லோன் விஷயமாகத் தன் கிரையப் பத்திரத்தைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னார். செக்குபந்தியில் தெளிவாக எழுதியிருந்தது: ஏரி வாய்க்காலுக்கு மேற்கு. பத்திரப்படி வாய்க்கால் ஓட வேண்டிய இடத்தில் இப்போது நான்காவது குறுக்குத் தெரு இருக்கிறது. மாடி வீடுகள், ஒரு பிள்ளையார் கோயில், ஒரு பியூட்டி பார்லர்.

"வாய்க்கா எங்க சார் போச்சு?" என்றேன்.

"அதைத்தான் நானும் கேக்கறேன். இந்த நாட்டுல கேக்க ஆளே இல்ல" என்றார்.

அவருடைய கார் ஷெட்டின் கிழக்குச் சுவர், வாய்க்காலைக் கேட்காமலே ஒரு முழம் முன்னால் போயிருந்தது. அதைச் சொல்லிக் காட்டுகிற வயசு எனக்கு இன்னும் வரவில்லை.

அவரை வாயடைக்க வைத்தவர் ஒரே ஒருவர்தான். கூடையில் கீரை கொண்டுவரும் அம்மா. எதிர் வீட்டுக்குப் புதிதாக வந்தவரிடம் நா.வ. சார் தன் முதல் வரியைத் தொடங்கிய நேரத்தில் அந்தம்மா முளைக்கீரைக் கட்டை உதறிக்கொண்டே சொன்னார்: "ஆமா, நீ வந்தப்போ நான் இங்கதான களை புடுங்கிக்கினு இருந்தேன். உன் வூடு கீதே, அது எங்க மாமனாரு வேர்க்கடல போட்ட எடம்."

நா.வ. சார் ஒரு முழு நிமிஷம் பேசவில்லை. கட்டுக் கீரைக்குச் சில்லறை கொடுத்தார். பிறகு புதியவர் பக்கம் திரும்பினார்.

"நான்தான் சொன்னேன்ல சார்? ஒண்ணுமே இல்ல. வெறும் கடலக்காடு."

கேலி இருக்கட்டும். மழைநீர் வடிகால் வெட்ட வரும் பொறியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கையிலிருக்கும் வரைபடத்தில் எங்கள் நான்காவது குறுக்குத் தெரு இருக்கும், வாய்க்கால் இருக்காது. ஜேசிபியை ஓரமாக நிறுத்திவிட்டு நா.வ. சார் வீட்டு கேட்டைத் தட்டுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். டன்லப் வரும், பாம்பு வரும், கிரவுண்டு விலை ஏழாயிரத்துக்கு இறங்கும். பொறுமையாகக் கேட்டால், மதகு எங்கே இருந்தது, தண்ணீர் எந்தப் பக்கமாக ஓடி எங்கே சேர்ந்தது என்பதும் நடுவில் வந்துவிடும். ஐப்பசிக்கு முன்னால் வாருங்கள். கார் ஷெட் சுவரைப் பற்றி மட்டும் கடைசியில் கேளுங்கள்.