சோறு வெயிலில், குழம்பு நீரில்

கேள்வி: யுட்ரிகுலேரியா பூச்சி தின்னும் என்றால் அதற்குப் பச்சையம் எதற்கு? (வாசகர், சுங்கை காடுட்)

பதில்: சோறு மட்டும் போதுமா, குழம்பு வேண்டாமா? மலேசியக் குளங்களிலும் வயல்களிலும் மஞ்சள் பூவைத் தலைக்குமேல் தூக்கி நிற்கும் அதன் ஆரியா இனத்துக்கு வேரே கிடையாது. பச்சையத்தால் மாவுச்சத்தை வெயிலில் சமைத்துக்கொள்ளும். சத்தற்ற நீரில் அரிதான நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் இரையிடம் பெறும். இரை தானாகப் பொறிப்பைக்குள் முட்டி நுழைந்து மாட்டிக்கொள்கிறது, செடி வேட்டையாடவில்லை என்பார்கள். 1875இல் டார்வினே அப்படித்தான் கருதினார். ஆனால் சில மில்லிமீட்டர் அளவேயான அந்தப் பை, தன் நீரை வெளியேற்றி, உள்ளழுத்தத்தைக் குறைத்துக் காத்திருக்கிறது. வாசல் முடியை இரை தொட்டதும் கதவு திறந்து, ஒரு மில்லிவினாடிக்குள் நீரோடு உறிஞ்சிவிடும். இது வேட்டையல்லாமல் வேறென்ன? அப்படியானால் கொசுவை ஒழிக்குமா என்றால், அதன் இளம்புழுவைத்தான் பிடிக்கும். டிங்கியைத் தடுக்க, நீர் தேங்கிய வாளியைக் கவிழ்ப்பதே வழி.