தொண்டரடிப்பொடித் தலைவர்

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர், நம்மூர் சபாநாயகரைப் போல கட்சிக் கரைவேட்டியை வாசலில் கழற்றி வைத்துவிட்டு நடுநிலை நாற்காலியில் அமர்பவர் அல்ல. பெரும்பான்மைக் கட்சியின் தலைவரே அவர்தான். ஜனாதிபதி பதவிக்கு வாரிசு வரிசையில் துணை ஜனாதிபதிக்கு அடுத்த இடம் அவருக்கு. கையில் சுத்தியல், முதுகுக்குப் பின்னால் கொடி, முன்னும் பின்னும் பாதுகாவலர்கள். குறை ஒன்றே ஒன்றுதான்: சொன்னால் கேட்பதற்கு ஆள் இல்லை.

இந்த வகைத் தலைவர்களைக் குடியரசுக் கட்சி சமீப காலமாகத் தடையில்லாமல் தயாரித்து வழங்குகிறது.

இவரை அடையாளம் காண்பது எளிது. எந்நேரமும் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். 435 பேர் கொண்ட அவையில் 218 வர வேண்டும். இவர் விரல்களில் 214-க்கு மேல் வராது. காலையில் வாக்கெடுப்பு அறிவிப்பார். மாலையில் கட்சிக்காரர்களை அடித்தள அறையில் கூட்டுவார். வெளியே வந்து, "மனம்விட்டுப் பேசினோம், கட்சி ஒற்றுமையாக இருக்கிறது" என்பார். அனுபவப்பட்ட நிருபர்கள் அந்த வாக்கியம் முடிவதற்குள் 'மசோதா ஒத்திவைப்பு' என்று தலைப்பு எழுதிவிடுவார்கள்.

இந்தக் குலத்தின் திலகம் கெவின் மெக்கார்த்தி. 2023 ஜனவரியில் கட்சிக்கு 222 இடங்கள் இருந்தும், நாற்காலியில் உட்கார அவருக்கு 15 சுற்று வாக்கெடுப்பு தேவைப்பட்டது. முரண்டு பிடித்தவர்களுக்கு அவர் அள்ளிக் கொடுத்த சலுகைகளில் ஒன்று, ஒரே ஓர் உறுப்பினர் நினைத்தால்கூட சபாநாயகரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்பது. வேலையில் சேர்ந்த அன்றே பயணிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு விசில் வாங்கிக் கொடுத்த கண்டக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பஸ் எப்படி ஓடும்?

ஓடவில்லை. ஜூனில், கடன் உச்சவரம்பு விஷயத்தில் கோபித்துக்கொண்ட சொந்தக் கட்சியினர் 11 பேர், அவை நடவடிக்கைக்கான விதியையே தோற்கடித்தார்கள். சபை சில நாள் படுத்துவிட்டது. செப்டம்பரில் பாதுகாப்புத் துறை நிதி மசோதா ஒரே வாரத்தில் இரண்டு முறை வாசற்படியிலேயே தடுக்கி விழுந்தது. மாதக் கடைசியில், அரசு அலுவலகங்கள் மூடாமலிருக்க எதிர்க்கட்சி ஓட்டுகளை வாங்கி ஒரு மசோதாவை நிறைவேற்றினார். வேலையைச் செய்துவிட்டாரே, சும்மா விடுவார்களா? சொந்தக் கட்சி உறுப்பினர் மாட் கேட்ஸ் விசிலை ஊதினார். அக்டோபர் 3 அன்று 216-க்கு 210 என்ற கணக்கில் பதவி பறிபோனது. ஊதியவரையும் சேர்த்துச் சொந்தக் கட்சியினர் எட்டுப் பேர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அமெரிக்க வரலாற்றில் இப்படி நீக்கப்பட்ட முதல் சபாநாயகர் என்ற பெருமை மட்டும் அவருக்கு நிலைத்தது.

எண்ணிக்கைதான் பிரச்சினை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது. அதற்கு முந்தைய தேர்தலில் ஜனநாயகக் கட்சி வென்றதும் அதே 222-தான். அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி அதை வைத்துக்கொண்டே இரண்டு ஆண்டு சபையைக் கட்டி மேய்த்தார்.

நம் நாட்டில் கொறடா உத்தரவை மீறினால், 1985-இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டப்படி எம்.பி. பதவிக்கே ஆபத்து. அங்கே மீறினால் தொலைக்காட்சிப் பேட்டி கிடைக்கும். பேட்டியைப் பார்த்து நாடு முழுவதிலிருந்தும் நன்கொடை வரும். வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பதும் தலைமை அல்ல, தொகுதியில் நடக்கும் உட்கட்சித் தேர்தல். எதிர்க்கட்சி தலைகாட்ட முடியாத தொகுதிக்காரருக்கு, தலைமையோடு மோதுவதுதான் மலிவான தேர்தல் பிரசாரம். முன்பெல்லாம் தொகுதிக்கு ஒரு பாலம், ஒரு சாலை என்று ஒதுக்கி ஓட்டு வாங்கலாம். 2011-இல் அந்த வழக்கத்தை ஊழல் என்று நிறுத்தினார்கள். பத்தாண்டு கழித்துத்தான் திரும்பியது. இடைப்பட்ட காலத்தில் தலைவரிடம் கொடுக்கப் பாலமும் இல்லை, மிரட்டப் பிரம்பும் இல்லை. மிச்சமிருந்தது கெஞ்சல்.

கெஞ்சிச் சலித்தவர், இதே கட்சியின் முன்னாள் சபாநாயகர் ஜான் பெய்னர். 2015 செப்டம்பரில் போப் பிரான்சிஸ் நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது கண்ணீர் விட்டார். மறுநாள் ராஜினாமா அறிவிக்க, வாயில் பாட்டோடு நிருபர்கள் முன் வந்து நின்றார். பதவி போவதில் இத்தனை குதூகலத்தை உலகம் அதிகம் கண்டதில்லை.

மெக்கார்த்தி போன பிறகு 22 நாள் நாற்காலி காலி. ஸ்டீவ் ஸ்கலீஸ் வேட்பாளரான மறுநாளே விலகினார். ஜிம் ஜோர்டானுக்கு மூன்று சுற்றில் 200, 199, 194 என்று ஓட்டு தேய்ந்துகொண்டே போனது. டாம் எம்மர் பகலில் வேட்பாளர். அன்று மாலை வெறும் எம்மர். கடைசியில், விரோதி சம்பாதிக்க இன்னும் நேரம் கிடைக்காதவர் என்ற தகுதியால் மைக் ஜான்சன் வந்தார். அவரையும் 2024 மே மாதம் நீக்கப் பார்த்தார்கள். காப்பாற்றியது எதிர்க்கட்சி ஓட்டு.

2025 ஜனவரியில் விதியைத் திருத்தினார்கள். இனித் தீர்மானம் கொண்டுவரப் பெரும்பான்மைக் கட்சியில் ஒன்பது பேர் சேர வேண்டும். முன்பு இருநூற்றுச் சொச்சம் பேரில் எவர் எதிரே வந்தாலும் சபாநாயகர் கும்பிட்டாக வேண்டும். இப்போது எட்டுப் பேர் வரை கும்பிடாமல் கடந்துபோகலாம். இதற்குத்தான் அங்கே தலைமையைப் பலப்படுத்துவது என்று பெயர்.