‘ஏர்போர்ட் போகும்’ என்னும் தொடரின் இலக்கணமும் திண்டிவனத்தார் துயரமும்

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கையில் சூட்கேசுடன் நிற்கும் ஒருவர், சென்னை என்று பலகை போட்ட பேருந்தின் படிக்கட்டை நோக்கிக் கேட்கிறார்: “ஏர்போர்ட்டு போவுமா?” நடத்துநர் சில்லறை எண்ணுவதை நிறுத்தாமலே விடை சொல்கிறார்: “போவும், ஏறு ஏறு.” தொல்காப்பியர் இந்த உரையாடலைத் தொடவில்லை. நன்னூலாருக்கும் அதற்கு வாய்ப்பில்லை. அந்தக் குறையைத் தீர்க்க வேறு யாரும் முன்வராததால் இப்பணி என் தலையில் விழுந்தது.

சூத்திரம் இல்லாமல் ஆய்வைத் தொடங்கினால் நம் ஊரில் மதிக்க மாட்டார்கள். ஆகவே நானே ஒன்று யாத்துக்கொண்டேன்:

போகும் என்றது நிற்கும் ஆகாது;
நிற்கும் என்றது வாயில் ஆகாது.

இதன் பொருள்: பேருந்து ஓர் இடத்துக்குப் போகும் என்பதால் அங்கே நிற்கும் என்று கொள்ளற்க. நிற்கும் என்றே வைத்துக்கொண்டாலும், நின்ற இடம் விமான நிலையத்தின் வாசல் என்று கொள்ளற்க என்றவாறு.

இனி விளக்கம். பேச்சு வழக்கின் ‘போவும்’ ஏட்டு வழக்கில் ‘போகும்’. ‘ஏர்போர்ட் போகும்’ என்பதில் ஒரு பெயரும் ஒரு வினையும் இருக்கின்றன. இடையில் உருபு இல்லை. பயணி இதை நான்காம் வேற்றுமைத் தொகை என்று கருதி, ‘ஏர்போர்ட்டுக்குப் போகும்’ என விரித்துக்கொண்டு ஏறிவிடுகிறார். நடத்துநர் உள்ளத்தில் இருப்பது வேறு. அவருக்கு இது இரண்டாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. விரித்தால் ‘ஏர்போர்ட்டைத் தாண்டிப் போகும்’ என்று வரும். ‘ஐ’ என்ற உருபும் ‘தாண்டி’ என்ற பயனும் நடத்துநரின் தோல்பைக்குள் மறைந்திருக்கின்றன.

‘உடன்தொக்க தொகை பெயரோடு பெயர் சேரும்போது அல்லவா வரும், இங்கே பின்னால் வினை நிற்கிறதே’ என்று தமிழாசிரியர் ஒருவர் தடை எழுப்பினார். அவர் சொந்தக் கார் வைத்திருப்பவர். எனவே அத்தடை இங்கே கணக்கில் கொள்ளப்படவில்லை.

‘போகும்’ என்ற வினையும் சாமானியமானதன்று. அது ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டு முற்று. இந்த முற்று தன்மையிலும் முன்னிலையிலும் வராது என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். அதன் ஆழம் அப்போது புரியவில்லை. பேருந்து போகும். நானும் நீங்களும் போவோமா என்பதைப் பற்றி அந்த வினைமுற்று வாயே திறக்கவில்லை.

இக்கருத்துக்குச் சான்று 2011ஆம் ஆண்டு எங்கள் குடும்பம் நடத்திய களப்பணி. சித்தப்பா மகன் குவைத்துக்கு வேலைக்குப் போனான். போகிறவன் ஒருவன், வழியனுப்பப் போனவர்கள் ஆறு பேர். இந்த விகிதம் எங்கள் பக்கத்தில் குறைவானது. மூத்தவர்கள் இருவருக்கு உடம்பு சரியில்லை. பெட்டியை முதல்நாள் அரிசி மண்டித் தராசில் வைத்து எடை பார்த்தோம். முப்பது கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது என்றிருந்தான். அத்தை கடைசியாக வைத்த பருப்புப் பொடியால் முள் தாண்டியது. பொடியை எடுக்க அத்தை சம்மதிக்கவில்லை. இரண்டு சட்டைகள் வெளியே வந்தன. பிறகு நைலான் கயிற்றால் கட்டி, நாலு பக்கமும் மார்க்கரால் பெயர் எழுதி, ஓட்டுநர் பக்கத்தில் எஞ்சின் மூடியின் மேல் ஏற்றினோம். அதற்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட்டும் போட்டார்கள்.

மேல்மருவத்தூரில் சிவப்புடைக் கூட்டம், மதுராந்தகத்தில் டீ, செங்கல்பட்டில் நெரிசல் என்று பேருந்து ஒழுங்காகத்தான் வந்தது. தாம்பரமும் குரோம்பேட்டையும் கடந்து பல்லாவரம் வந்ததும் சித்தப்பா எழுந்து பெட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். வலப்பக்கம் திரிசூலம் மலை. இடப்பக்கம் விளக்கு வரிசை, வேலி, ஒரு விமானத்தின் வால். எல்லாம் சன்னலில் வந்தன, சன்னலில் போயின. பேருந்து நிற்கவில்லை.

“ஏர்போர்ட் போவும்னு சொன்னீங்களே!” என்றார் சித்தப்பா.

“போச்சுல்ல?” என்றார் நடத்துநர். “போவும்னுதானே சொன்னேன், நிக்கும்னா சொன்னேன்?”

கத்திப்பாராவில் இறக்கிவிட்டார்கள். திரும்பி வர இரண்டு ஆட்டோ. சித்தப்பா அவரைத் திட்டிக்கொண்டே வந்தார். எனக்கோ அந்த மனிதர்மேல் மரியாதை கூடியது. ‘போகும்’ வேறு, ‘நிற்கும்’ வேறு என்று இவ்வளவு துல்லியமாக வினைச்சொல்லைக் கையாண்டவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மேலே கண்ட சூத்திரத்தின் முதல் அடி அவருடையது என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாம் அடிக்கான சான்று ஊர்ப் பெயரில் கிடைக்கிறது. எங்கள் ஊரில் யாரும் விமான நிலையம் என்று சொல்வதில்லை. ‘மீனம்பாக்கம் போறேன்’ என்பார்கள். இடத்தின் பெயர் அங்கே உள்ள பொருளுக்கு ஆகிவந்ததால் இடவாகுபெயர். இலக்கணத்தில் இதனால் தீங்கில்லை, போக்குவரத்தில் உண்டு. புறநகர் ரயிலில் மீனம்பாக்கம் ஒரு நிறுத்தம், திரிசூலம் வேறொரு நிறுத்தம்; விமான நிலையத்துக்கு நேர் எதிரே இருப்பது திரிசூலம். 2016இல் விமான நிலையம் வரை மெட்ரோ ரயில் வந்தபோதும் அப்படியே: மீனம்பாக்கம் ஒரு நிலையம், விமான நிலையம் இன்னொரு நிலையம். ஆகுபெயரை நம்பி இறங்கியவர்கள் முப்பது கிலோவை இழுத்துக்கொண்டு அடுத்த நிலையத்துக்கு நடந்திருக்கிறார்கள். சூட்கேஸின் சக்கரம் பளிங்குத் தரைக்காகச் செய்யப்பட்டது. ஜி.எஸ்.டி. சாலையின் ஓரத்தை அது அறியாது.

தொன்மை பேசாமல் எந்த ஆய்வும் முழுமை பெறாது. ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் 1863ஆம் ஆண்டு பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. இன்றைய ஓடுபாதைக்கு இவ்வளவு பக்கத்தில் கற்கால மனிதன் நடமாடியிருக்கிறான் என்றால், அவன் எங்கோ கிளம்பி வழியில் இறக்கிவிடப்பட்டவன் என்று கருத இடமுண்டு. கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் போனதற்கு எடைக் கட்டுப்பாடே காரணம் என்பது என் துணிபு.

இந்த இலக்கணம் முழுவதையும் ஒரே நாளில் பழங்கணக்காக்கிய நிகழ்ச்சி 2023 டிசம்பர் 30 அன்று நடந்தது. அன்றுதான் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து தென்மாவட்டப் பேருந்துகளில் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன. இப்போது திண்டிவனத்தில் “ஏர்போர்ட் போவுமா?” என்று கேட்டால், “போவாது, கிளாம்பாக்கத்தோட சரி” என்கிறார்கள். எதிர்மறையில் தொகை இல்லை, மயக்கம் இல்லை, ஆய்வுக்கும் இடமில்லை. பயணிக்குத் தெளிவு கிடைத்தது; விமான நிலையம் போய்விட்டது. முன்பு அதன் வாசலைத் தாண்டிப் போகவாவது செய்தோம்.

கிளாம்பாக்கத்துக்கும் விமான நிலையத்துக்கும் இடையே மெட்ரோவை நீட்டிக்கத் திட்டம் வகுத்திருக்கிறார்கள், நீளம் 15.46 கிலோமீட்டர். தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கம் வரை அளந்துவிட்டார்கள் என்பதே எங்களுக்கு ஆறுதல். அதுவரை அந்த 15.46 கிலோமீட்டரை மாநகரப் பேருந்திலோ, வண்டலூரோ தாம்பரமோ போய்ப் புறநகர் ரயிலிலோ, வாடகைக் காரிலோ கடக்க வேண்டும்.

போன வருடம் அண்ணன் மகனை மஸ்கட்டுக்கு அனுப்பப் போனபோது அத்தையும் வந்தார். பெண்களுக்குக் கட்டணமில்லாத பிங்க் முகப்புப் பேருந்து வரும்வரை எதிலும் ஏற மாட்டேன் என்று கிளாம்பாக்கத்தில் அமர்ந்துவிட்டார். இரண்டு ஏ.சி. பேருந்துகளைக் கை காட்டி அனுப்பினார். “காசு குடுத்துப் போறதுக்கா அரசாங்கம் ஓசியில விட்டிருக்கு?” என்ற கேள்விக்கு எங்கள் குடும்பத்தில் யாரிடமும் பதில் இல்லை. விமானம் எட்டரைக்கு என்பதும் அவர் முன் எடுபடவில்லை.

ஆனாலும் பையன் விமானத்தைப் பிடித்தான். அதற்குக் காரணம் எங்கள் அப்பா வகுத்த கால விதி. விமான நிறுவனம் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொன்னால், அதோடு சுங்கச்சாவடிக்கு ஒரு மணி, டயர் பஞ்சருக்கு ஒரு மணி, அத்தைக்கு ஒன்றரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். பயண நேரம் இதில் சேராது; அது தனி. மாலை விமானத்துக்கு இருட்டோடு கிளம்பி, நண்பகலுக்குள் போய்ச் சேர்ந்து, தூணோரம் துண்டு விரித்துப் புளிசாதம் சாப்பிடுவது இவ்விதியின் பயன்.

வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை வீரர் டிக்கெட்டையும் அடையாள அட்டையையும் பார்த்து ஒருவனை மட்டும் உள்ளே விட்டார். மற்ற ஆறு பேரும் கண்ணாடிக்கு வெளியே நின்றோம். உள்ளே எடை போட்டுத் திரும்பியவன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அத்தை அவனுக்குக் கேட்காது என்று தெரிந்தும், பொடி டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறதா பார் என்று கத்தினார்.

இவ்வாய்வு போவதை மட்டுமே எடுத்துக்கொண்டது. விமான நிலையத்திலிருந்து திண்டிவனத்துக்கு வருவது தனி நூலாக எழுத வேண்டியது. அதற்கான களப்பணி வரும் தை மாதம்: பையன் விடுமுறையில் வருகிறான், விமானம் விடியற்காலை நாலு மணிக்கு இறங்குகிறது, அழைத்துவர ஏழு பேர் முதல்நாள் மத்தியானமே கிளம்புகிறோம்.