மொய் நோட்டில் தொடங்கிய ஹார்வர்ட்

உலகின் பெரும் பணக்காரப் பல்கலைக்கழகமான ஹார்வர்டின் ஆரம்பகால நன்கொடைப் பட்டியலைப் பார்ப்பவருக்குக் கல்யாண வீட்டு மொய் நோட்டுதான் நினைவுக்கு வரும். ஒருவர் சில செம்மறியாடுகள் தந்திருக்கிறார். இன்னொருவர் 9 ஷில்லிங் பெறுமானமுள்ள பருத்தித் துணி. மற்றவர்கள் 10 ஷில்லிங்கில் ஒரு பியூட்டர் குவளை, பழத்தட்டு, சர்க்கரைக் கரண்டி, வெள்ளிப்பூண் போட்ட கூஜா, உப்புக் கிண்ணம் பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று. சிறிய கிண்ணத்தையும் மறக்காமல் கணக்கில் ஏற்றிய எழுத்தர் கெட்டிக்காரர்.

மாசசூசெட்ஸ் காலனியின் பேரவை 1636-இல் 400 பவுன் தருவதாகத் தீர்மானம் போட்டுக் கல்லூரியைத் தொடங்கியது. கல்லூரிக்குப் பெயர் வாய்க்க வழி பிறந்தது 1638-இல். ஜான் ஹார்வர்ட் என்ற இளம் போதகர், அமெரிக்காவில் வந்து இறங்கி ஓராண்டு சொச்சத்திலேயே காலமானார். சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் கல்லூரிக்கு எழுதி வைத்திருந்தார். மறு ஆண்டே கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. ஆடு கொடுத்தவருக்கு அந்த யோகம் இல்லை.

உள்ளூர் வசூல் போதாமல் 1641-இல் மூன்று பேரை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் வில்லியம் ஹிபின்ஸ் மறு ஆண்டே 500 பவுனுடன் திரும்பினார். தாமஸ் வெல்டும் ஹியூ பீட்டரும் திரும்பவே இல்லை. வெல்டு அங்கேயே தங்கிவிட்டார். பீட்டர் அரசியலில் இறங்கி, மன்னர் முதலாம் சார்லஸின் மரண தண்டனையில் பங்குண்டு என்ற குற்றத்துக்காக 1660-இல் தூக்கு மேடை ஏறினார். நிதி திரட்டப் போனவருக்கு இவ்வளவு பெரிய சோதனை வந்ததாக வேறு கல்லூரி எதுவும் சொல்லிக்கொள்ள முடியாது. வசூலுக்காக 1643-இல் லண்டனில் அச்சிட்ட சிறு பிரசுரம், இன்று பழைய மாணவர்களின் வீடு தேடி வரும் பளபளப்பான வேண்டுகோள் மடல்களுக்கெல்லாம் மூதாதை.

அந்த வசூலில் ஆன் மௌல்சன் என்ற விதவை ஏழை மாணவர் உதவித்தொகைக்கு 100 பவுன் தந்தார். 1894-இல், அவருடைய பிறந்த வீட்டுப் பெயரான ராட்கிளிஃப்பை ஹார்வர்டை ஒட்டியிருந்த பெண்கள் கல்லூரிக்கு வைத்தார்கள். இடையில் இரண்டரை நூற்றாண்டு. நன்றி தெரிவிக்க அவசரம் என்ன?

உண்மையான ஊர் வசூல் 1644-இல் நடந்தது. கல்லூரி இருந்த கேம்பிரிட்ஜ் ஊரின் போதகர் தாமஸ் ஷெப்பர்டின் யோசனைப்படி, வசதியும் மனமும் உள்ள குடும்பம் ஒவ்வொன்றும் கால் புஷல் தானியமோ, அதற்கு ஈடான காசோ தர வேண்டும். கால் புஷல் என்பது சுமார் ஒன்பது லிட்டர். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத குடியானவர் வீட்டுக் கோதுமையில் லத்தீன் இலக்கணம் வளர்ந்தது.

பெயர் விற்கும் கலையைப் பக்கத்துக் காலனிக் கல்லூரி இன்னும் நேர்த்தியாகச் செய்தது. ஹார்வர்டின் தலைவர் பதவி கைக்கெட்டாத மனத்தாங்கலில் இருந்த காட்டன் மேதர், 1718-இல் எலைஹு யேலுக்குக் கடிதம் எழுதினார்: உதவினால் கல்லூரி உங்கள் பெயரில் விளங்கும். யேல், சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்து, ஊழல் புகார்களுக்கிடையே பதவி இழந்த செல்வந்தர். அவர் அனுப்பியது ஒன்பது பொதி சரக்கு, 417 புத்தகங்கள், மன்னர் முதலாம் ஜார்ஜின் படம். சரக்கு 562 பவுனுக்கு விலை போயிற்று. இதற்குத் தூது போன ஜெரமையா டம்மர் அதற்கு முன்பே அக்கல்லூரிக்கு நூற்றுக்கணக்கில் புத்தகம் சேர்த்துக் கொடுத்தவர். ஆனால் தரகு பார்த்தவர் பெயரைக் கட்டடத்துக்கு வைக்கும் வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

ஹார்வர்டின் கை மூன்று நூற்றாண்டு கழித்தும் நீட்டியபடியேதான் இருந்தது. அங்கே தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் தேவைப்பட்டது. பல நாட்டுத் தமிழர்கள் பெரிதும் சிறிதுமாகக் கொடுத்தார்கள். தமிழ்நாடு அரசு 10 கோடி ரூபாய் தந்தது. 2018-இல் தொகை நிறைந்தது. அப்போது ஹார்வர்டின் சொந்த முதலீட்டு நிதி 3,500 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. சட்டப்படி அதில் பெரும்பகுதி அந்தந்தக் கொடையாளர் சொன்ன காரியத்துக்கு மட்டுமே செலவாகும். ஆகவே புதிய இருக்கைக்குப் புதிய உண்டியல்.