ஓடினால் பசிக்குமா, அடங்குமா?

கேள்வி: காலையில் மூச்சு வாங்க ஓடிவிட்டு வந்தால் சாப்பிடவே தோன்றுவதில்லை. மெதுவாக நடந்துவிட்டு வந்தால் மட்டும் வடைக் கடை கண்ணில் படுகிறதே, ஏன்?

பதில்: வேகமான ஓட்டம் பசியைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிறுத்திவைக்கிறது. இரைப்பையில் சுரக்கும் 'கிரெலின்' என்ற பசி ஹார்மோன் அப்போது குறைகிறது. வயிறு நிறைந்ததைச் சொல்லும் குடல் ஹார்மோன்கள் கூடுகின்றன. ஒரு மணி நேரம் போல இருக்கும், பிறகு பழையபடி பசிக்கும். மெதுநடையில் இந்த மாற்றம் பெரிதாக நடப்பதில்லை. அதற்காக நடைமீது பழி போட வேண்டாம், வடையின் வாசனைதான் குற்றவாளி! ஒரு மணி நேரம் நடந்து செலவழித்த இருநூற்றுச் சொச்சம் கலோரியை இரண்டு வடை திருப்பித் தந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு 1956-இல் வெளியானது. ழான் மேயரும் குழுவினரும் மேற்கு வங்கச் சணல் ஆலைத் தொழிலாளர்களை ஆராய்ந்தார்கள். கடுமையாக உழைத்தவர்கள் நிறையச் சாப்பிட்டும் எடை போடவில்லை. நாளெல்லாம் உட்கார்ந்திருந்தவர்களும் நன்றாகவே சாப்பிட்டார்கள், எடையும் கூடியிருந்தது. உடம்பு அசைந்தால்தான் பசிக்கு அளவு தெரியும் போலும்! ஆகவே நடையை விட்டுவிடாதீர்கள். வீடு திரும்பும் தெருவை மட்டும் மாற்றுங்கள்.