அஞ்சறைப்பெட்டிக்கு ஆடிட்!

கேள்வி: கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை. மகன் கையில் எப்போதும் போன். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வம். குடும்பம் கலகலப்பாக இருக்க என்ன வழி?
(ஒரு வாசகி, வேப்பனப்பள்ளி)

பதில்: 1984-இல் டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் கடிகார நிறுவனத்தைத் தொடங்கின. அதன் ஓசூர் கடிகாரம் ஊருக்கெல்லாம் மணி காட்டுகிறது. ஓசூருக்கு வேலைக்குப் போகிறவருக்குத்தான் நேரமில்லை!

ராத்திரிச் சாப்பாட்டையே ஏன் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள்? நைட் ஷிப்ட் முடிந்து அவர் வந்ததும், மகன் பள்ளிக்குக் கிளம்புமுன் எல்லோரும் உட்காருங்கள். அவருக்கு அது டின்னர், பையனுக்கு டிபன். ராகிக் களி இரண்டுக்கும் பொருந்தும். லீவு நாளில் களி கிண்டுவது மகன் பொறுப்பு. கொதிக்கிற தண்ணீரில் மாவைப் போட்டு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்ட இரண்டு கையும் வேண்டும். போனுக்கு மூன்றாவது கை கிடையாது.

மாந்தோப்பு இருந்தால் இன்னொன்று. விலை விழுந்த வருஷத்தைப் பிள்ளையிடம் மறைக்காதீர்கள். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டிக் கமிஷன் எல்லாவற்றையும் அவனையே நோட்டில் எழுதச் சொல்லுங்கள். புது போன் கேட்கும் குரல் தானாகத் தணியும்.

கேள்வி: கணவர் சமையலறைப் பக்கமே வருவதில்லையே?

பதில்: எந்த ஸ்பானர் எங்கே இருக்க வேண்டும் என்று ஜப்பான்காரர்களின் ‘ஃபைவ் எஸ்’ முறைப்படி தொழிற்சாலையில் அடுக்குகிறவராச்சே! அஞ்சறைப்பெட்டியை அவரிடம் ஒப்படையுங்கள். கடுகு இருந்த இடத்தில் வெந்தயம் இருந்தால் உங்களுக்கே ஆடிட் வைப்பார்; அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.